அரங்கம் கண்ட ஆபத்தும் அடியார் காட்டிய வழியும்

உலகில் பிறந்தோர் எவர்க்கும் துன்பம் புதியதன்று. வெள்ளம் ஊரைக் கொள்வதும், நோய் உடலைக் கொள்வதும், பொருள் அழிவதும், உற்றார் பிரிவதும் எக்காலத்தும் நிகழ்வன. துன்பம் வந்து சேருங்கால் மனிதனுடைய உள்ளம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. ‘இது ஏன் வந்தது?’ என்பது ஒன்று. ‘இப்பொழுது செய்யத்தக்கது யாது?’ என்பது மற்றொன்று. முதற்கேள்வியிலேயே நின்றுவிடுவோர் பலர். இரண்டாவது கேள்வியைக் கேட்டு, அதற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தோர் சிலர். அத்தகையோர் பலர் ஒரே ஊரில், ஒரே ஆபத்தில் ஒருங்கே தோன்றினர் என்பதற்குச் சான்றாக விளங்குவது திருவரங்கம் பெரிய கோயிலின் பதினான்காம் நூற்றாண்டு வரலாறாகும். திருவிழாவிற்கு வந்து பெருமாளைச் சேவிக்கும் அன்பர்கள் அவ்வரலாற்றை அறிந்து கொள்ளுதல் பெரிதும் பயன் தரும்.

இடி விழுந்த நாள்

பாண்டியப் பேரரசு தாயாதிப் போரால் தளர்ந்திருந்த காலம் அது. சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரசுரிமைக்காகத் தம்முள் பொருதுகொண்டிருக்க, 1311-ஆம் ஆண்டில் அலாவுத்தீன் கல்ஜியின் படைத்தலைவரான மாலிக் காபூர் மதுரை வரை வந்து பெரும்பொருள் கவர்ந்து மீண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. தில்லியில் ஆட்சி துக்ளக் மரபினரிடம் சென்றிருந்தது. கியாசுத்தீன் துக்ளக்கின் மகனான உலூக் கான் 1323-ஆம் ஆண்டில் வாரங்கல்லை வென்றார். தெற்கு நோக்கியும் படை வந்தது. இவரே பின்னர் முகம்மது பின் துக்ளக் என்னும் பெயரால் தில்லியை ஆண்டவர்.

படை வருகிறது என்ற செய்தி எட்டியபோது நம்பெருமாள் கொள்ளிடக் கரையிலுள்ள பன்றியாழ்வான் கோயிலில் எழுந்தருளியிருந்தார் என்று கோயிலொழுகு கூறும். திருவிழாக் கூட்டம் திரண்டிருந்தது. ‘பெருமாளை இப்போதே வேற்றிடத்திற்கு எழுந்தருளப் பண்ணுவதா, விழா முடியும்வரை இருப்பதா?’ என்று பெரியோர் கலங்கினர். திருவுள்ளம் அறியச் சீட்டு இட்டுப் பார்த்தனர் என்றும், ‘இருத்தல்’ என்றே விடை வந்தது என்றும் வரலாறு உரைக்கிறது. அதற்குள் படை கண்ணனூர் வரை நெருங்கிவிட்டது. ஆற்றைக் கடந்தால் அரங்கம்.

ஆபத்தின் இயல்பு இதுவே. அது ஆராய்ச்சிக்கு நேரம் தருவதில்லை. அறிந்தவரும் அறியாதவரும், வலியவரும் எளியவரும் அந்நேரத்தில் ஒரே நிலையில் நிற்கின்றனர். அதுவரை நெஞ்சில் எதைப் பழகி வைத்தனரோ அதுவே அப்போது கைகொடுக்கிறது.

காத்தற்குரியது எது?

வீடு தீப்பற்றினால் உள்ளே ஓடுபவன் எதை முதலில் எடுக்கிறானோ, அதுவே அவன் மெய்யாகப் போற்றிய பொருள் என்பர். திருவரங்கத்துப் பெரியோர் அன்று எதை எடுத்தனர், எதை விட்டனர் என்பதை நோக்கினால் அவர்தம் உள்ளம் தெளிவாக விளங்கும்.

பெரிய பெருமாள் சுதையால் அமைந்த பெருந்திருமேனி. பள்ளி கொண்ட கோலம். அவரை எடுத்துச் செல்ல இயலாது. ஆதலின் கருவறைக்கு முன்னே கல்லால் சுவர் எழுப்பி, உள்ளே சந்நிதி இருப்பதே தெரியாவண்ணம் மறைத்தனர். ஸ்ரீரங்க நாச்சியாரின் திருமேனியை வில்வ மரத்தடியில் மறைத்து வைத்தனர் என்பர். எடுத்துச் செல்லக்கூடிய உற்சவரான நம்பெருமாளை மட்டும் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணித் தெற்கே அனுப்பினர். மாடங்களையும் மண்டபங்களையும் களஞ்சியங்களையும் விட்டனர். எடுக்க இயல்வதை எடுப்பதும், இயலாததை மறைப்பதும், இவ்விரண்டிற்கும் அடங்காததை விட்டுவிடுவதும் ஆகிய மூன்று செயல்களும் சில நாழிகைக்குள் நிகழ்ந்தன. யாவற்றையும் காப்பேன் என்று புறப்பட்டிருந்தால் யாவற்றையும் இழந்திருப்பர்.

இவ்விடத்தில் நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தியும் உண்டு. பெருமாள் புறப்பட்ட செய்தி கூடியிருந்தோர்க்கு அறிவிக்கப்படவில்லை. திரை இடப்பட்டிருக்க, அவர் உள்ளே இருக்கிறார் என்றே கூட்டம் எண்ணியிருந்தது. யாவரும் அறிந்து யாவரும் பின்தொடர்ந்திருந்தால் பல்லக்கு தப்பியிராது. ஆயினும் அதற்கு ஈடாகத் தரப்பட்டவை உயிர்கள். பன்னீராயிரவர் அக்கலகத்தில் மாண்டனர் என்று மரபு கூறும். இம்முடிவு சரியா, தவறா என்று எளிதாகத் தீர்ப்புக் கூற எவராலும் இயலாது. பெரிய ஆபத்துக்களில் குற்றமற்ற வழி என்று ஒன்று கிடைப்பதில்லை. துன்பம் குறைந்த வழியே கிடைக்கிறது. கோயில் மரபு அந்தப் பன்னீராயிரவரை மறக்கவில்லை. ‘பன்றியாழ்வான் மேட்டுக் கலகம்’ என்ற பெயரோடு அவர்தம் தியாகம் ஏட்டில் ஏறியது. மாண்டோரை நினைவில் இருத்துவதும் துன்பத்தைத் தாங்கும் வழிகளுள் ஒன்றாகும்.

சென்றவர்

பல்லக்குடன் சென்றவர்களுள் தலையாயவர் பிள்ளை லோகாசாரியர். இவர் வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரர். முமுக்ஷுப்படி, தத்வத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் முதலாகப் பதினெட்டு ரகசிய நூல்களை அருளிச்செய்தவர். அப்போது அவர் நூறாண்டைக் கடந்த முதியவர் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். வாழ்நாள் முழுவதும் இருந்த ஊரையும், கற்பித்த திண்ணையையும், கூடியிருந்த மாணாக்கரையும் விட்டு, அத்தள்ளாத வயதில் காட்டு வழியே அவர் நடந்தார்.

வழியில் கள்வர் மறித்துப் பெருமாளின் திருவாபரணங்களைக் கவர்ந்தனர். சற்று முன்னே சென்றிருந்த லோகாசாரியர் இதனை அறிந்து, தம்மிடம் இருந்தவற்றையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார் என்பர். கேட்போர்க்கு இது வியப்பாகத் தோன்றும். ஆனால் அன்று அவர் கருத்து ஒன்றே: பெருமாளின் திருமேனி தப்ப வேண்டும், பயணம் தடைப்படலாகாது. பொன்னுக்காக நின்று வாதாடும் நேரம் அதுவன்று. இழந்ததைப் பற்றியே எண்ணிக்கொண்டு எஞ்சியதையும் இழப்பது மனித இயல்பு. அவ்வியல்பை வென்றவர் அம்முதியவர்.

அக்கூட்டம் ஜ்யோதிஷ்குடி என்னும் சிற்றூரை அடைந்தது. மதுரைக்கு அருகே யானைமலையை ஒட்டிய கொடிக்குளமே அவ்வூர் என்பர். அரங்கத்தில் பொன்வேய்ந்த விமானத்தின் கீழ் எழுந்தருளியிருந்த பெருமாளுக்கு அங்கே மலையடிவாரமே திருக்கோயில் ஆயிற்று. இருந்தும் ஆராதனம் தடைப்படவில்லை. கிடைத்ததைக் கொண்டு, இயன்ற அளவில், நாள்தோறும் அது நடந்தது.

இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. பெருந்துன்பத்தில் முதலில் சிதைவது அன்றாட ஒழுங்கு. நேரத்திற்கு எழுவதும், நீராடுவதும், விளக்கு ஏற்றுவதும், உண்பதும் பொருளற்றனவாகத் தோன்றும். அச்சிறு செயல்களை விடாது பற்றியவர்க்கு நாள் ஒவ்வொன்றும் ஏறிச்செல்லும் படியாகிறது. விட்டவர்க்கோ நாட்கள் ஒன்றுடன் ஒன்று கலந்து இருளாகின்றன. ஆராதனம் பெருமாளைக் காத்தது என்பதைவிட, ஆராதித்தவரைக் காத்தது என்று கூறுதல் பொருந்தும்.

நின்றவர்

அரங்கத்திலேயே தங்கியவர்களுள் ஒருவர் வேதாந்த தேசிகர் (1268–1369). ஸ்ரீபாஷ்யத்திற்குச் சுருதப்பிரகாசிகை என்னும் பேருரை வகுத்த சுதர்சன சூரி, தம் முடிவு நெருங்கியதை உணர்ந்து, அந்நூலின் ஏட்டையும் தம் இளம் புதல்வர் இருவரையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். அக்கலகத்தில் சூரி உயிர் நீத்தார். தேசிகர் அச்சிறுவர்களுடன் இறந்தோர் உடல்களுக்கிடையே மறைந்து கிடந்து, பகைவர் அகன்றபின் தப்பினார் என்பது வரலாறு.

கற்றோர் போற்றிய மேதை ஒருவர் பிணக்குவியலில் மூச்சடக்கிக் கிடந்தார் என்பதை நினைப்பதற்கே நெஞ்சம் நடுங்கும். உயிர்மேல் கொண்ட ஆசையால் மட்டும் அவர் அவ்வாறு கிடக்கவில்லை. அவர் கையில் ஒரு நூலும் இரு குழந்தைகளும் இருந்தன. ‘இவற்றுக்காக நான் உயிர்வாழக் கடமைப்பட்டேன்’ என்ற எண்ணம் எவர்க்கு உண்டோ, அவர் தாங்கவொண்ணாததையும் தாங்குவர். கணவனை இழந்த தாய் தன் மக்களுக்காக எழுந்து நிற்பதும் இவ்வாறே.

தப்பியவர் கன்னட நாட்டில் காவிரிக் கரையில் கொள்ளேகாலத்தை அடுத்துள்ள சத்தியாகாலத்தில் தங்கினார். அங்கே இருந்த காலத்தில்தான் அபீதிஸ்தவம் என்னும் துதிநூலை இயற்றினார். ‘அபீதி’ என்றால் அச்சமின்மை. அரங்கத்தில் அச்சம் நீங்கி, அடியார் மீண்டும் இனிது வாழ வேண்டும் என்பதே அதன் வேண்டுதல். அச்சமே அறியாத ஒருவர் அச்சமின்மையை வேண்டிப் பாட வேண்டுவதில்லை. அஞ்சியவரே, தம் அச்சத்தை மறைக்காமல், அதனை இறைவன் திருமுன் வைத்தார். பெரியோர்க்கும் அச்சம் உண்டு. அதனை எவரிடம் கொண்டு சென்று வைப்பது என்பதை அறிந்திருத்தலே அவர்தம் பெருமை.

ஒரே நாளில் ஒருவர் சென்றார், ஒருவர் நின்றார். ஒருவர் திருமேனியைச் சுமந்தார். ஒருவர் ஏட்டைச் சுமந்தார். சென்றவர் கோழையுமல்லர், நின்றவர் அறியாதவருமல்லர். ஆபத்தில் யாவரும் ஒரே செயலைச் செய்ய வேண்டும் என்ற விதி இல்லை. தத்தமக்கு வாய்த்த பொறுப்பை உணர்ந்து செய்தலே போதும்.

சுடர் கைமாறிய வகை

ஜ்யோதிஷ்குடியில் பிள்ளை லோகாசாரியர் திருநாடு அலங்கரித்தார். அரங்கம் திரும்பும் நாளை அவர் காணவில்லை. ஆனால் கண்மூடும் முன்பு அவர் ஒரு காரியம் செய்தார். தம் நூற்பொருளைத் தம்முடன் மறையவிடாமல், திருமலையாழ்வார் என்பாரை அணுகி அவருக்கு அவற்றைக் கற்பிக்குமாறு தம் சீடர்களைப் பணித்தார்.

திருமலையாழ்வாரோ அப்போது மதுரையில் அரசவைப் பணியில் மூழ்கியிருந்தார். அவரைத் தேடிச் சென்ற கூரகுலோத்தம தாசர் முதலில் மதிக்கப்படவில்லை. அவமதிக்கப்பட்டார் என்றும் கூறுவர். அவர் சினந்து திரும்பவில்லை. மீண்டும் மீண்டும் சென்றார். இறுதியில் திருமலையாழ்வார் மனம் திரும்பி, பொருளைக் கற்று, அரசுப் பணியைத் துறந்தார். அவரே திருவாய்மொழிப் பிள்ளை. கலகக் காலத்தில் ஊரை விட்டு அகன்றிருந்த நம்மாழ்வாரின் திருமேனியை ஆழ்வார்திருநகரியில் மீண்டும் எழுந்தருளப் பண்ணிய பெருமை அவருடையது.

அவரிடம் கற்றவர் மணவாள மாமுனிகள். இவர் 1370-ஆம் ஆண்டில் அவதரித்தவர். பிற்காலத்தில் அரங்கம் சேர்ந்து, நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக் காலம் திருவாய்மொழிக்கு ஈட்டுப் பொருளை விரித்துரைத்தார். லோகாசாரியரின் நூல்களுக்கு உரையும் அருளினார். காட்டிடையே ஒரு முதியவர் இறுதி மூச்சில் கைமாற்றிய சுடர், நூறாண்டு கழித்து அதே அரங்கத்தில் பெருவிளக்காக எரிந்தது. தம் வாழ்நாளில் முடியாத காரியத்தையும் தொடங்கி வைத்துச் செல்லலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலைச்சரிவில் மூவர்

நம்பெருமாளின் பயணம் ஜ்யோதிஷ்குடியுடன் முடியவில்லை. திருமாலிருஞ்சோலை, மலையாள நாடு, திருக்கணாம்பி, மேல்கோட்டையாகிய திருநாராயணபுரம் எனப் பல இடங்களில் தங்கி, இறுதியில் திருமலையை அடைந்தது. திருமலைக் கோயிலில் உள்ள ரங்கநாயக மண்டபம் அந்நாளின் நினைவாக இன்றும் விளங்குகிறது.

இடையே மலைக்காட்டில் ஒளிந்திருந்த காலத்தில் பெருமாளைக் காத்தவர் கொடவர் மூவர் என்பர். அவருள் ஒருவர் பெருமாளைத் தம் உடலோடு பிணைத்துக்கொள்ள, மற்றவர் அவரைச் சரிவின் வழியே கீழே இறக்கினர் என்றும், பின்னர் ஒருவரே எஞ்சி நெடுங்காலம் தனியே ஆராதித்து வந்தார் என்றும் வரலாறு உரைக்கும். காண்பவர் இல்லை, போற்றுபவர் இல்லை, நாளை என்ன என்ற உறுதியும் இல்லை. அந்நிலையிலும் காட்டுப் பூவையும் சுனைநீரையும் கொண்டு பணி செய்தார் ஒருவர். பெரும்புகழ் பெற்ற ஆசாரியர்களுக்குச் சற்றும் குறையாத இடம் இத்தகைய பெயர் அறியாத தொண்டர்களுக்கு உண்டு. நெடுநோயாளிக்கு இரவில் விழித்திருந்து பணிவிடை செய்யும் எத்தனையோ எளியோர் இன்றும் அக்கொடவரின் வழியில் நிற்பவரே.

மீட்சி

மதுரையில் 1335-ஆம் ஆண்டளவில் தனிச் சுல்தானாட்சி தோன்றியது. விசயநகர மன்னர் புக்கரின் மைந்தரான குமார கம்பணர் தெற்கே படை நடத்தி அவ்வாட்சியை வீழ்த்தினார். அவர்தம் தேவியான கங்காதேவி அவ்வெற்றியை மதுரா விஜயம் என்னும் வடமொழிக் காவியமாக இயற்றினார். கம்பணரின் அதிகாரியும் செஞ்சியை ஆண்டவருமான கோபணாரியர் நம்பெருமாளைத் திருமலையிலிருந்து எழுந்தருளப் பண்ணி, செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் வைத்து ஆராதித்து, சகம் 1293-இல், அதாவது 1371-ஆம் ஆண்டில், திருவரங்கத்தில் மீண்டும் பிரதிட்டை செய்வித்தார். இச்செய்தியைக் கூறும் வடமொழிச் சுலோகங்கள் பெரிய கோயிலில் கல்வெட்டாக உள்ளன.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு தலைமுறை மறைந்து மற்றொன்று தலைநிமிர்ந்திருந்தது. இடைக்காலத்தில் வேறோர் உற்சவமூர்த்தியும் கோயிலில் ஆராதிக்கப்பட்டு வந்தார். ‘வந்திருப்பவர் பழைய பெருமாள்தாமோ?’ என்ற ஐயம் எழுந்தது. முன்பு கண்டவர் எவரும் இல்லை போலத் தோன்றியது. அப்போது கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர் முன்வந்தார். ஈரங்கொல்லி என்று மரபு அவரைக் குறிக்கும். பெருமாளின் திருமஞ்சன ஆடைகளைத் துவைத்துத் தந்தவர் அவர். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் நடந்தது. ஈரவாடைத் தீர்த்தம் அவருக்குத் தரப்பட்டது. அதன் மணத்தையும் சுவையையும் கொண்டே ‘இவரே நம்பெருமாள்’ என்று அவர் உறுதி கூறினார். அத்திருநாமம் அன்று முதல் நிலைபெற்றது என்பர். இடைக்காலத்தில் காத்த மூர்த்தியும் அகற்றப்படவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்துடன் அங்கேயே எழுந்தருளியிருக்கிறார்.

ஆசாரியர்கள் மறைந்தனர், அரசர்கள் மாறினர், ஏடுகள் சிதைந்தன. அழியாது நின்றது ஒரு வண்ணாரின் கைத்தொழிலில் ஊறிய நினைவு. பணி எதுவாயினும் அதனை அன்போடு செய்தவரிடம் அது அறிவாகத் தங்கிவிடுகிறது. ஊர் முழுவதும் ஐயுற்று நின்றபோது, ஊரார் பெரிதாக எண்ணாத ஒருவரே விடை தந்தார்.

பகை தங்காத நினைவு

இன்னும் ஒன்று கருதத்தக்கது. முற்பட்ட படையெடுப்பு ஒன்றில் பெருமாளின் திருமேனி தில்லிக்குக் கொண்டு செல்லப்பட்டது என்றும், கரம்பனூரைச் சேர்ந்த ஒரு பெண்மணி படையின் பின்னே சென்று இருப்பிடம் அறிந்து வந்தார் என்றும், அதனால் பின்சென்றவல்லி எனப் பெயர் பெற்றார் என்றும் கோயிலொழுகு கூறும். அங்கே சுல்தானின் மகள் பெருமாள்மீது பேரன்பு கொண்டு, அவரைப் பிரிய மாட்டாமல் அரங்கம் வரை வந்து உயிர் நீத்தார் என்பது மரபு. அவர்க்குத் துலுக்க நாச்சியார் என்ற பெயரில் பெரிய கோயிலில் இடம் உண்டு. அவர் நினைவாகப் பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்விக்கும் வழக்கமும் உண்டு.

கொள்ளையையும் கொலையையும் கண்ட ஊர், அந்தத் துன்பத்தின் நினைவிலேயே அயலார் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சந்நிதி அமைத்தது. நடந்ததை மறைக்கவும் இல்லை. பகையை வளர்க்கவும் இல்லை. துன்பத்தை மறந்தவனுக்குப் பாடம் கிடைப்பதில்லை. துன்பத்தைப் பகையாக மாற்றிக்கொண்டவனுக்கு அமைதி கிடைப்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே அரங்கத்து முன்னோர் ஒரு வழி கண்டனர்.

சேவார்த்திகள் கொள்ளும் பாடம்

ஆபத்து பதினான்காம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. 2004-ஆம் ஆண்டில் ஆழிப்பேரலை கடற்கரை ஊர்களை அழித்தது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் தமிழகத்துக் கோயில்களின் கதவுகள் சேவார்த்திகளுக்குப் பல மாதங்கள் அடைக்கப்பட்டிருந்தன. அப்போதும் உள்ளே சில அர்ச்சகர்கள் நித்திய ஆராதனத்தை நடத்தி வந்தனர். கதவுக்கு வெளியே நின்று கைகூப்பிச் சென்ற முதியோர் பலர். கல்சுவருக்கு அப்பால் பெருமாள் இருக்கிறார் என்று நம்பி வாழ்ந்த அன்றைய அரங்கத்தார் நிலையை அவர்கள் உணர்ந்திருப்பர்.

ஊருக்கு வரும் ஆபத்தை ஊர் கூடித் தாங்கும். வீட்டிற்குள் வரும் ஆபத்தையோ தனியே தாங்க வேண்டியிருக்கிறது. கடனும், தீரா நோயும், பிள்ளைகளின் பிரிவும் நாழிகை குறித்து வருவதில்லை. அவ்வேளையில் நினைவிற் கொள்ளத்தக்கவை சிலவே. காத்தற்குரியது எது என்று தெளிக. பிறவற்றைக் கைவிட அஞ்சற்க. அன்றாட ஒழுங்கைச் சிறிதளவேனும் விடாது பற்றுக. அச்சத்தை மறைக்காமல் பெருமாள் திருமுன்பும் நம்பத்தக்க உற்றாரிடமும் சொல்லுக. தம்மால் முடியாததை அடுத்தவர் கையில் ஒப்படைக்கத் தயங்கற்க. மீளும் நாளைத் தாமே காண வேண்டும் என்று வற்புறுத்தற்க.

இன்று வீதியில் உற்சவர் எழுந்தருளும்போது தோளில் திருவாராதனப் பல்லக்கைச் சுமந்து வருவோரைச் சேவார்த்திகள் காண்கின்றனர். மேளமும் தீவட்டியும் குடையும் சாமரமும் சூழ வரும் இதே பல்லக்கு, ஒரு காலத்தில் ஒலியின்றி, ஒளியின்றி, இருளில் காட்டு வழியே சென்றது. அன்று சுமந்த தோள்கள் தளர்ந்திருக்குமாயின் இன்று இவ்விழா இல்லை. அத்தோள்களை நினைந்து சேவிப்போர் தம் இல்லம் திரும்பும்போது தம் சுமையைத் தாங்கும் வலிமையையும் உடன் கொண்டு செல்வர்.

அடியார் அனைவரும் அச்சம் நீங்கி, நலம் பெற்று, பல்லாண்டு வாழ்வாராக.